எங்க வீட்டப் பாத்துச் சாஞ்ச குருசு

வெயில் சாயணும்னு சொல்லுதீய. சாஞ்சு அடிச்சாத்தான் கல்லுல எழுத்து கண்ணுக்குத் தெரியும்னு சொல்லுதீய. சரி, சாயட்டும். அதுக்காக இந்த உச்சி வெயில்ல கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல நின்னு கருவாடாப் போவணுமா? இப்பிடி பூவரசு நெழலுக்கு வாங்க ஆபீசரம்மா. இந்தக் கல்லுல இருக்கலாம். பயப்படாதீய, இது கல்லறை இல்ல. கோயில் கட்டும்போது மிஞ்சிப்போன கல்லு.

நான் எமரென்சியா. இந்த ஊருக்கு யாரு வந்தாலும் கல்லுக்குருசப் பத்தி என்கிட்டத்தான் கேப்பாவ. பஸ்ஸு புடிச்சு வாற திருயாத்திரைக்காரவுக, கன்னியாஸ்திரிமாரு, போன வருசம் வந்த வெள்ளக்காரன், எல்லாரும் கேட்டாவ. நீங்க ஒருத்திதான் வந்ததும் டேப்ப எடுத்து அளக்க ஆரம்பிச்சீய. அளந்தது எவ்வளவு? ஒம்பதடியா? எழுதிக்கிடுங்க, எங்க மாமனாரு காலத்துல எட்டடிதான். வருசத்துக்கு ஒரு நெல்லு அளவு வளரும். சிரிக்காதீய. எழுதிக்கிடுங்க.

கடல்லேந்து வந்த குருசு இது. எங்கயோ ஒடஞ்ச கப்பல்லேந்து விழுந்து, நம்ம ஆளுக வலையில மாட்டி, கரைக்கு வந்துது. பன்னெண்டு பேரு தூக்கிப் பாத்தாவளாம், அசையல. நெறமாசக்காரி ஒருத்தி வந்து, "இத்தன ஆம்பளைய நிக்கீய, ஒரு கல்லத் தூக்க முடியலையா"ன்னு ஒரு கை குடுத்தாளாம். எந்திரிச்சு நின்னுட்டாம். நின்ன எடந்தான் இது. மழ பெய்யலன்னா இதுக்கு உப்பும் மிளகும் போடுவோம். புள்ளைக்குப் பேச்சு வரலன்னா இந்தக் கல்லுல தேன வச்சு எடுத்து நாக்குல தடவுவோம். எனக்குச் சின்னதுல தடவுனாவளாம். கொஞ்சம் கூடுதலாத் தடவிட்டாவன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே கெடப்பாரு.

ஆனா அதெல்லாம் சும்மா. முக்கியமானது பொய்யி. இந்த ஊர்ல யாராவது அடுத்த ஆளு வாழ்க்கையக் கெடுக்க மாதிரி ஒரு பொய் சொன்னாவன்னா, குருசு அந்த வீட்டப் பாத்துச் சாயும். சின்னப் பொய்க்குச் சாயாது. சின்னப் பொய்க்கெல்லாம் சாஞ்சா மீன் ஏலம் போடுற எடத்தப் பாத்து எப்பமோ படுத்திருக்கும். எங்க மாமனாரு சின்னப் பையனா இருக்கும்போது ஊர்த்தலைவரு வீட்டப் பாத்துச் சாஞ்சுதாம். மறுநா காலம்பற அந்த மனுசன் ஒரு ஆட்டக் கயித்தோட கொண்டாந்து குருசடியில கட்டிட்டுப் போயிட்டாராம். ஆடு எப்பிடி அவரு வீட்டுக்கு வந்துதுன்னு யாரும் கேக்கலையாம். மரியாத.

இந்த வருசம் தவக்காலத்துல அது யாரு வீட்டப் பாத்துச் சாஞ்சுது தெரியுமா? அந்தா, கோயில் சொவருக்கு அந்தாண்ட பச்சக் கதவு தெரியுதா? அது எங்க வீடு.

இருங்க, இருங்க. எந்திரிக்காதீய. முழுசாக் கேட்டுட்டு அளங்க.

அந்த வீட்ல அப்ப நாங்க ரெண்டு பேரு. நானும் பிரிஸ்காவும். பிரிஸ்கா எங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி. நான் கட்டிக்கிட்டு வரும்போது அவளுக்கு ஏழு வயசு, தாயில்லாப் புள்ள. தல நெறைய பேனு. நான்தான் வாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, தையல் படிக்க வச்சேன். எங்க வீட்டுக்காரரு மஞ்சக்காமாலையில போயி ஒம்பது வருசம் ஆச்சு. இப்ப பிரிஸ்காவுக்கு நாப்பத்தி மூணு. பள்ளிக்கூடத்துப் புள்ளையளுக்கு யூனிபார்மு, கோயில் பீடத்துக்கு விரிப்பு, எல்லாம் அவ தையல்தான்.

ஏன் கல்யாணம் ஆகலன்னு கேக்கப் போறீய. எல்லாரும் கேக்கதுதான். மாப்பிள வராமலா இருந்தாவ? வந்தாவ. ஒருத்தனுக்கு ஒரு கண்ணு கொஞ்சம் வேற பக்கம் பாக்கும். வேண்டாம்னேன். இன்னொருத்தனுக்கு அம்மா பேச்சுக்காரி, வாய மூடமாட்டா. அப்பிடிப்பட்ட வீட்ல நம்ம புள்ள எப்பிடிப் பொழைக்கும்? வேண்டாம்னேன். ஒருத்தன் எல்லாத்துலயும் சரியா இருந்தான். அப்பிடி எல்லாத்துலயும் ஒருத்தன் சரியா இருந்தா அதுல ஏதோ இருக்கும்லா? அதையும் வேண்டாம்னேன். எல்லாம் அவ நன்மைக்குத்தான். நீங்க ஏன் அப்பிடிப் பாக்கீய?

அப்புறம் கொஸ்மாஸ் வந்தான். பக்கத்து ஊரு, ஆலந்துறை. வள்ளத்து எஞ்சின் மெக்கானிக்கு. பொஞ்சாதி செத்து ஆறு வருசம், புள்ளகுட்டி இல்ல. எங்க கரையில எஞ்சின் ரிப்பேருக்கு வருவான். வந்தா ஒரு சட்டையக் கொண்டாந்து பிரிஸ்காகிட்ட, "பட்டன் போயிட்டு, தச்சுத் தாங்க"ம்பான். அடுத்த வாரமும் அதே சட்ட, அதே பட்டன். எஞ்சினையே கழத்தி மாட்டுறவனுக்கு ஒரு பட்டன் நிக்க மாட்டேங்கு. எனக்கு அப்பவே தெரியும். பிரிஸ்கா மட்டும், "இந்தத் தடவ நூலு கெட்டியாப் போடுதேன்"ம்பா. ஆனா கெட்டியாப் போட மாட்டா. அதையும் நான் பாத்தேன்.

சாம்பல் புதனுக்கு மூணு நா முன்னால, ஞாயித்துக்கிழம, பூசை முடிஞ்சு கொஸ்மாஸ் எங்க வீட்டுக்கு வந்தான். ஒரு சீப்பு பழம். வெள்ள வேட்டி. தலையில எண்ணெ. பிரிஸ்கா மாதா சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தா. அவன் நாற்காலியில பாதிதான் ஒக்காந்தான்.

"அக்கா, வீட்ல பெரியவுக நீங்கதான். உங்ககிட்டத்தான் கேக்கணும். ஈஸ்டர் கழிஞ்சதும் ஓல வாசிச்சுரலாம்னு ஒரு எண்ணம். அவுககிட்ட நான் இன்னும் ஒண்ணும் பேசல. நீங்க சரின்னா..."

ஓலன்னா தெரியும்லா? கல்யாணத்துக்கு முன்ன மூணு ஞாயித்துக்கிழம பூசையில பேர வாசிச்சு, தட ஏதும் உண்டுமான்னு சாமியாரு கேப்பாவ. அதான் ஓல.

நான் அவனப் பாத்தேன். கண்ணு ரெண்டும் நேராத்தான் பாத்துது. அம்மாவும் இல்ல. அந்நேரம் சன்னல் வழியா இந்தக் குருசு தெரிஞ்சுது. நான் சொன்னேன்:

"தம்பி, அவ அண்ணன் சாகக் கெடக்கும்போது இந்தக் கல்லுக்குருசுல கைய வச்சு நேந்துக்கிட்டா. அண்ணன் ஆத்துமாவுக்காகக் கடைசி வர கல்யாணம் பண்ண மாட்டேன்னு. வெளிய சொல்ல மாட்டா. கேட்டா அழுவா. நீயும் கேக்காத."

அவ்வளவுதான் சொன்னேன். அத நீங்க பொய்யிம்பீயளா? நேந்துக்கிடலதான். ஆனா நேந்துக்கிடக்கூடிய புள்ளதான். அண்ணன் மேல அவ்வளவு பாசம். மனசுக்குள்ள நேந்திருக்கலாம்லா? மனசு யாருக்குத் தெரியும்?

கொஸ்மாஸ் எஞ்சினுக்குப் பயப்பட மாட்டான், கடலுக்குப் பயப்பட மாட்டான். குருசுன்னா பயம். எந்திரிச்சு நின்னு, சன்னல் வழியா குருசப் பாத்து செலுவ போட்டுட்டு, "தெரியாமக் கேட்டுட்டேன் அக்கா"ன்னான். போயிட்டான். பழத்த எடுக்க மறந்துட்டான். பிரிஸ்கா வந்து, "ஏது மைனி பழம்?"னு கேட்டா. "வாங்குனேன்"னேன். அது பொய்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா பழத்துக்கெல்லாம் குருசு சாயாதுன்னு முன்னாலயே சொல்லிட்டேன்.

புதன்கிழம நெத்தியில சாம்பல் பூசிட்டு வெளிய வாறோம். சலேத்தா, அந்த ஐஸ் கம்பெனி பக்கத்து வீட்டுக்காரி, நின்னு தலையச் சாய்ச்சுப் பாக்கா. "ஏளா, குருசு சாஞ்சிருக்கா, இல்ல எனக்குத்தான் கழுத்துப் புடிச்சிருக்கா?"

கோயில்ல மணியடிக்கிற கோயில்பிள்ள தொம்ம ஓடிப் போயி வலை ஈயம் ஒண்ண நூல்ல கட்டி மேலேந்து தொங்கவிட்டான். நாலு வெரக்கட சாய்மானம். எந்தப் பக்கம்னு நூலப் புடிச்சுக்கிட்டே போனாவ. சொவரத் தாண்டி நேரா எங்க பச்சக் கதவு.

சாமியாரு சின்ன வயசு, படிச்சவரு. சொன்னாரு: "குடிதண்ணிப் பைப்புக்கு அந்தப் பக்கம் பள்ளம் தோண்டுனாங்க. மணல் எளகிப் போச்சு, அவ்வளவுதான்." யாராவது கேட்டாவளா? நானும் சொன்னேன், "சாமி சொல்லுததுதான் சரி"ன்னு. அன்னைக்கு சாமியாரு பேச்ச நம்புனது ஊர்லயே நான் ஒருத்திதான்.

மத்தவுகளுக்கு ஒரே கேள்விதான். வீட்ல இருக்கது ரெண்டு பேரு. பொய் சொன்னது யாரு? என்கிட்ட வந்து கேட்டாவ. நேரா யாரு கேப்பா? "எமரென்சியாக்கா, நீங்க தெனமும் பூசை காண்கிற ஆளு"ன்னு இழுத்தாவ. நானும், "ஆமா, காண்கேன்"னேன். வேற ஒண்ணும் சொல்லல. அப்ப மிச்சம் யாரு? அத அவுகளே முடிவு பண்ணிக்கிட்டாவ. நான் வாயத் தொறக்கல. வாயத் தொறக்காம இருக்கது பொய்யா? நீங்களே சொல்லுங்க.

ரெண்டாம் வாரம் சலேத்தா ஒண்ணு கண்டுபுடிச்சா. பீடத்து விரிப்புக்கு அஞ்சு மீட்டர் துணி குடுத்துதாம், தச்சு வந்தத அளந்தா நாலே முக்கால்தானாம். ஓரம் மடிச்சுத் தச்சா கொறையாதா? அது தச்சவளுக்குத்தான தெரியும். ஆனா பேச்சு பரவிட்டு. யூனிபார்மு துணி கொண்டு வாறவுக கொண்டு வரல. மாதா சபையில பிரிஸ்கா பக்கத்துல ஒக்காருறவ கொஞ்சம் தள்ளி ஒக்காந்தா. கொஸ்மாசும் வாரதில்ல, சட்டையும் வாரதில்ல. பிரிஸ்கா மெஷினுக்கு எண்ணெ போட்டுட்டு, வாசலப் பாத்துட்டு, மறுபடி எண்ணெ போடுவா.

ஒரு நா கேட்டா: "மைனி, நான் யாருக்கு என்ன பொய் சொன்னேன்? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். ஒண்ணும் நெனவுக்கு வரல. சின்னதுல ஒருக்கா உங்க கண்ணாடி ஒடஞ்சத பூன மேல சொன்னேன். அதுவா இருக்குமோ?"

"அதுவா இருக்காது பிள்ள"ன்னேன். "பூன செத்துட்டுலா"ன்னேன். என்ன பேசுதோம்னே தெரியல.

குருசு நிமிரல. அஞ்சு வெரக்கட ஆச்சு. ஆறு ஆச்சு. தொம்ம ஞாயித்துக்கிழம தோறும் ஈயத்தத் தொங்கவிட்டு, கிரிக்கெட்டு ஸ்கோரு மாதிரி சத்தமாச் சொல்லுவான்.

சரி, நாமதான் ஏதாவது செய்யணும்னு நெனச்சேன். ஒரு மத்தியானம், ஊரு சாப்பிட்டுட்டு ஒறங்குற நேரம், இங்க வந்தேன். சுத்திப் பாத்தேன், யாரும் இல்ல. குருசுக்கு அந்தப் பக்கம் போயி, தோளக் குடுத்துத் தள்ளுனேன். சிரிங்க, சிரிங்க. பன்னெண்டு பேரு தூக்க முடியாதத நான் தள்ளுனேன். தோளு வலிச்சதும் முதுகக் குடுத்தேன். முதுகு வலிச்சதும் ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சு இழுத்தேன். வேர்த்து ஊத்துது, கண்ணுல தண்ணி ஓடுது. அப்பப் பாத்து பின்னால தொம்ம.

"எக்கா! குருசக் கட்டிப் புடிச்சு அழுறீயளா?"

"ஆமா தம்பி"ன்னேன். வேற என்ன சொல்ல? "தவக்காலம்லா."

அவன் போயி சாமியாருகிட்டச் சொல்லிட்டான். வந்த ஞாயித்துக்கிழம பிரசங்கத்துல சாமியாரு, "நம்ம பங்குல ஒரு தாய், சுடுற வெயில்ல, யாரும் பாக்காத நேரத்துல, சிலுவையக் கட்டிப்புடிச்சு அழுறாங்க. நம்மள்ல எத்தன பேருக்கு அந்தப் பக்தி இருக்கு?"ன்னு கேட்டாரு. கோயிலே திரும்பி என்னப் பாத்துது. பூசை முடிஞ்சு வெளிய வந்தா சலேத்தா என் கையப் புடிச்சுக்கிட்டா. "நாத்தனாரு பாவத்துக்கு நீங்க தவம் பண்ணுதீய. உங்க மனசு யாருக்கு வரும் எக்கா?" பிரிஸ்கா அங்கனதான் நின்னா. கேட்டுக்கிட்டுத்தான் நின்னா. நான் கையத்தான் உருவிக்கிட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் செய்யல.

அன்னைக்கு வீட்ல ரவிக்கை மாத்தும்போது அவ பாத்துட்டா. "என்ன மைனி, தோளு இப்பிடி வீங்கியிருக்கு?" தைலத்த எடுத்துட்டு வந்து ஒக்காந்து தேச்சுவிட்டா. நல்ல கைவாகு அவளுக்கு. எங்க தொட்டா வலி எறங்கும்னு தெரியும். "எனக்காகவா மைனி இப்பிடிப் போயி நிக்கீய?"ன்னு கேட்டா. நான் இல்லன்னு சொல்லல. தேய்க்கக் குடுத்தேன். வலிச்சுதுலா.

பெரிய வெள்ளிக்கிழம வந்துட்டு. அன்னைக்கு எங்க ஊர்ல ஒரு வழக்கம். செலுவப்பாத முடிஞ்சதும் எல்லாரும் வரிசையா வந்து கல்லுக்குருசுல வாய வச்சு முத்தி செய்யணும். ஆலந்துறைக்காரவுகளும் வருவாவ. மனசுல பொய் வச்சுக்கிட்டு முத்தி செஞ்சா வாய் கோணிரும்னு சொல்லுவாவ. அதனால அன்னைக்கு பாதிப் பேருக்கு வயித்துவலி வரும். எனக்கு முழங்கால் வலி. காலம்பறயே சொல்லிட்டேன், நான் வரிசையில நிக்க மாட்டேன்னு. பிரிஸ்கா என்ன செஞ்சா? "நான் புடிச்சுக்கிடுதேன், வாங்க மைனி. ஊருக்கே முன்மாதிரின்னு சாமி சொன்னாவ, நீங்க போகாட்டா எப்பிடி?"ன்னு கையக் கோத்துக் கூட்டிட்டு வந்துட்டா.

வரிசையில அவ முன்னால, நான் அவளுக்குப் பின்னால. அவ குருசுகிட்டப் போனதும் எல்லாரும் பேச்ச நிறுத்திட்டாவ. கடல் சத்தம் கேக்குது. அவ முத்தி செஞ்சா. செஞ்சுட்டு நகரல. ரெண்டு கையயும் கல்லுல வச்சா.

"நான் யாருக்கும் பொய் சொல்லல. துணியும் எடுக்கல. ஓரம் மடிச்சுத்தான் தச்சேன். யாருக்குச் சந்தேகம்னாலும் இப்பவே கேளுங்க. கைய எடுக்க மாட்டேன்."

சலேத்தா முக்காட்ட முன்னால இழுத்து விட்டுக்கிட்டா. அப்ப ஆலந்துறை ஆளுக நின்ன பக்கத்துலேந்து ஒரு கொரலு.

"நான் ஒண்ணு கேக்கலாமா?"

கொஸ்மாஸ். சட்டையில ஒரு பட்டன் இல்ல. முகம் பேயறஞ்ச மாதிரி.

"தப்பா நெனைக்கக் கூடாது. குருசுல கை இருக்கதாலதான் கேக்கேன். அண்ணனுக்காகக் கல்யாணம் வேண்டாம்னு நீங்க நேந்துக்கிட்டது... அது நெசந்தானா?"

பிரிஸ்கா திரும்பி அவனப் பாத்தா. "நேர்ச்சையா? யாரு சொன்னா?"

அவன் நல்லவன், ஆபீசரம்மா. இன்னைக்கும் சொல்லுதேன், அவன் நல்லவன். என் பக்கம் கண்ணத் திருப்பக்கூட இல்ல. மண்ணப் பாத்துக்கிட்டு, "யாரோ சொன்னாவ"ன்னான். "கேக்க வந்தேன். பழம் வாங்கிட்டு வந்தேன். அப்பச் சொன்னாவ."

பழம்னு அவன் சொன்னதும் பிரிஸ்காவுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. எனக்கு அவ முதுகுதான் தெரியுது. அந்த முதுகு ஒரு நிமிசம் கல்லு மாதிரி நின்னுது. பெறவு சொன்னா, மெதுவாத்தான் சொன்னா, ஆனா எல்லாருக்கும் கேட்டுது:

"நான் ஒரு நேர்ச்சையும் போடல."

கைய எடுத்துட்டு நகந்தா. அடுத்தது நான்.

அன்னைக்கு வெயில் பாத்தீயன்னா, இன்னைக்கு அடிக்கிறதெல்லாம் ஒண்ணுமே இல்ல. காலையிலேந்து ஒருசந்தி, பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. தல கிறுகிறுன்னு வந்துது. குருசப் புடிச்சது நெனவு இருக்கு. கல்லு சுட்டது நெனவு இருக்கு. அப்புறம் என் வாயி என்ன சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியாது. சலேத்தா சொல்லுதா, "நான்தான் சொன்னேன், நான்தான், நான்தான்"னு மூணு தடவ சொன்னேனாம். மூணு தடவ சொல்ல எனக்கென்ன கிறுக்கா? ஒரு தடவ சொல்லியிருப்பேன்.

வாய் கோணல, பாத்துக்கிடுங்க. நேராத்தான் இருக்கு.

வீட்டுக்கு வந்தோம். அவ அடுப்ப மூட்டிக் கஞ்சி வச்சா. பயறுத் தொவையல் அரச்சா. எனக்கு ஊத்தி வச்சுட்டு எதுத்தாப்ல ஒக்காந்தா. ஏசிப்புடுவான்னு பாத்தேன். ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். நானும் திருப்பி ஏசியிருப்பேன்.

"ஏன் மைனி?"ன்னா.

"அவனுக்கு... அந்த மெக்கானிக்கு வேலையில கையெல்லாம் கிரீசு..."

"மைனி."

கஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னேன். "நீ போயிட்டா இந்த வீட்ல நான் யாருகிட்டப் பேசுவேன்?"

அவ தொவையல் கிண்ணத்த மூடுனா. பெறவு, "இத என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா. இத்தன வருசமா வாய் ஓயாமப் பேசுதீய, இது ஒண்ணச் சொல்லல"ன்னா. அப்புறம், "கஞ்சி ஆறுது, குடிங்க"ன்னா. நான் குடிச்சேன். உப்பு இல்ல. சொல்லல. அன்னைக்கு மட்டும் எதுவும் சொல்லல நான்.

எட்டு நா என்கிட்ட அவசியத்துக்கு மட்டுந்தான் பேசுனா. "தண்ணி வந்துட்டு." "வெளக்கேத்தட்டா?" இவ்வளவுதான். எட்டு நா. எனக்கு அதுதான் பெரிய வாரம்.

அதுக்கு நடுவுல, ஈஸ்டருக்கு மறுநா, கொஸ்மாஸ் வந்து குருச நிமித்துனான். வள்ளத்துலேந்து எஞ்சினத் தூக்க மூணு காலு போட்டு சங்கிலி கப்பி மாட்டுவாவல்லா, அதக் கொண்டாந்தான். சாக்கச் சுத்தி, சங்கிலியப் போட்டு, நூலு நூலா இழுத்தான். தொம்ம ஈயத்தப் புடிச்சுக்கிட்டு, "இன்னும் ரெண்டு வெரக்கட! இன்னும் ஒண்ணு!"ன்னு கத்துனான். அடியில ஜல்லியப் போட்டு இறுக்கும்போதுதான் மண்ணுக்குள்ள மறஞ்சு கெடந்த இந்த எழுத்து வெளிய வந்துது. அதப் பாத்துத்தான் சாமியாரு உங்க கல்வெட்டு ஆபீசுக்கு எழுதுனாரு. ஆக, நீங்க இங்க வந்ததுக்கும் ஒரு வகையில நான்தான் காரணம்.

வெள்ளிக்கிழமயே உண்ம வெளிய வந்துட்டே, அப்பவே ஏன் நிமிரலன்னு கேக்கீயளா? ஆண்டவரே எந்திரிக்க மூணு நா ஆச்சு. கல்லுக்கு மூணு நா நாலு நா ஆவாதா? சாமியாரு இன்னமும் மணல்ம்பாரு. இருக்கட்டும். மணலும் உண்ம, இதுவும் உண்ம. ரெண்டு இருந்தா உங்களுக்கு என்ன நட்டம்?

அப்புறம் ஓல வாசிச்சாவ. மொத ஞாயித்துக்கிழம, "ஆலந்துறை கொஸ்மாஸ், நம்ம பங்கு பிரிஸ்கா"ன்னு சாமியாரு வாசிச்சு, தட ஏதும் தெரிஞ்சவுக சொல்லுங்கன்னதும் கோயில் முழுக்கத் திரும்பி என்னப் பாத்துது. நான் செபமாலைய உருட்டிக்கிட்டு தலையக் குனிஞ்சுக்கிட்டேன். ரெண்டாவது ஞாயித்துக்கிழமயும் அப்பிடித்தான். பின்னால சின்னப் புள்ளையகூட எட்டிப் பாக்குதுவ. என்ன, நான் ஒரு தடவ சொன்னா ஒம்பது தடவ சொல்லுவேனா?

மூணாவது ஞாயித்துக்கிழம. கடைசி ஓல. சாமியாரு வாசிச்சாரு. "தடை ஏதும் இருந்தால்"னு சொல்லி அவரும் என்னப் பாத்தாரு. நான் எந்திரிச்சு நின்னுட்டேன்.

தொம்ம மணியக் கையில வச்சுக்கிட்டு அப்பிடியே நிக்கான். பிரிஸ்கா முன் வரிசையில திரும்பிப் பாத்தா. கொஸ்மாஸ் ஆம்பளைய பக்கத்துல தூணப் புடிச்சுக்கிட்டு நின்னான்.

"தட ஒண்ணும் இல்ல சாமி"ன்னேன். "ஆனா ஒண்ணு சொல்லணும். இந்தப் புள்ளைக்குக் காலம்பற எந்திரிச்சதும் தல சுத்தும். சின்னதுலேந்தே உண்டு. கருப்பட்டிக் காப்பி ஒரு டம்ளர் உள்ள போற வர யாரும் அவளுக்கு வேல சொல்லப்படாது, பேசவும் படாது. நான் முப்பத்தாறு வருசத்துல ஒருக்காக்கூட பேசுனதில்ல. நம்புங்க, காலம்பற மட்டும் நான் பேச மாட்டேன். இத அவன் தெரிஞ்சுக்கிடணும்."

சலேத்தாதான் மொதல்ல சிரிச்சா. அப்புறம் கோயிலே சிரிச்சுது. சாமியாரு புஸ்தகத்த வச்சு முகத்த மறச்சுக்கிட்டாரு. கொஸ்மாஸ் தூண விட்டுட்டு, ரெண்டு கையயும் கூப்பி, "சரி மைனி. நானே போட்டுக் குடுப்பேன்"ன்னான். பிரிஸ்கா கூப்பிடுத மாதிரி மைனின்னு அன்னைக்குத்தான் கூப்பிட்டான். அதுவரைக்கும் அக்கா.

பிரிஸ்கா முக்காட்ட எடுத்து வாயப் பொத்திக்கிட்டா. தோளு ரெண்டும் குலுங்குது. சிரிச்சாளா, அழுதாளான்னு கேட்டீயன்னா எனக்குத் தெரியாது ஆபீசரம்மா. அன்னைக்குன்னு பாத்து கண்ணாடிய வீட்ல வச்சுட்டுப் போயிட்டேன்.